படகுகளை நிறுத்திய குரல்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் ஒரு சாவு. செத்தவர் டச்சுக்காரர்கள் காலத்து ஆள். அதுவும் நிஜ ஆள் இல்லை, கதையில் வருகிறவர். ஆனாலும் அவருக்காக அங்கே கோட்டைக்குப்பம் என்ற மீனவர் ஊரில் ஒரு படகுகூட நகரவில்லை.

நம்புவீர்களா? பக்கத்தில் இருந்து பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் கஸ்தூரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குப்பத்துப் பெண். கோயில் மைக்கில் ஊருக்கு அறிவிப்பு சொல்வது அவர்தான். புயல் எச்சரிக்கை, ஊர்க்கூட்டம், ரேஷனில் பருப்பு வந்த சேதி, சாவு... எல்லாம் அந்தக் குரலில்தான் வீடுகளுக்குள் நுழையும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. பருப்புக்கும் மரணத்துக்கும் ஒரே சுருதி.

ஊர் ஊராகச் சுற்றுவதைத் தவிர வேறு வேலை தெரியாதவன் நான். ஒருநாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அந்தக் குரல் தண்ணீர்மேல் வழுக்கி வந்தது. நின்றுவிட்டேன். ஆடியோ புத்தகம் தயாரிக்கும் சென்னை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கூப்பிட்டார்கள். கஸ்தூரி கைக்கு ஒரு துப்பறியும் நாவல் வந்தது.

டச்சுக் காலப் பழவேற்காட்டில் நடக்கும் கதை. கோட்டையில் வெள்ளைக்காரனுக்கும் நெசவாளிக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி ஒருவர் பிணமாக ஒதுங்குகிறார். விரல்களில் நீலச் சாயக் கறை. சாயப்பட்டறைப் பக்கமே போகாத மனிதனுக்கு ஏது நீலம்? கப்பலேறும் துணிகளைத் தரம் பார்க்கிறவர் துப்பறியக் கிளம்புகிறார். நல்ல கதை. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள்.

ஐந்து அத்தியாயம் படித்து முடித்தபோது நண்பர் உதட்டைப் பிதுக்கினார். “த்ரில் இல்லையே சார்... கொலையை பஸ் டைம் மாதிரி சொல்றாங்க. குரல் நடுங்கணும். மூச்சு வாங்கணும். திங்கட்கிழமைக்குள்ள சரிவரலைன்னா வேற வாய்ஸ் பார்த்துக்கறேன்.”

கஸ்தூரி நடுங்கியும் ஒருமுறை படித்துக் கொடுத்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. “ண்ணா, ரெண்டையும் எங்க ஊர்ல போட்டுக் காட்லாம். எதைக் கேட்டா வேலை செய்யற கை நிக்குதோ, அதான் எனக்குச் சரி. எதுக்கும் நிக்கலைனா நானே வேணாம்னு சொல்லிட்றேன்” என்றார். குரலில் அப்போதும் ஏற்ற இறக்கம் இல்லை. துப்பட்டா நுனிதான் விரலில் இறுகிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம். வலை பின்னும் கூடம். அறுந்த வலைகளோடு ஆண்கள், இறால் கூடைகளோடு பெண்கள். காற்று பலமாக இருந்ததால் திருவிழாவுக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கரை இழுத்து வந்து, இரண்டு பதிவும் இருந்த கஸ்தூரியின் போனை அதில் இணைத்தார்கள்.

முதலில் நடுங்கும் கஸ்தூரி.

“அந்த... இருட்டில்... யாரோ...” என்று ஸ்பீக்கர் மூச்சு வாங்கியது. கஸ்தூரியின் நாத்தனார் தேவகி இறால் உரித்தபடியே கேட்டார்: “இன்னாடி, குளிர் ஜொரமா? கசாயம் வெச்சித் தரட்டா?”

“கொலைகாரன் வர்றான் தேவகி!” என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்.

“வரட்டும். இவ இழுக்கற இழுப்புல அவனே தூங்கிடுவான்.”

கூடமே சிரித்தது. கஸ்தூரியும் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை. எந்தக் கையும் நிற்கவில்லை.

அடுத்தது, அறிவிப்புக் கஸ்தூரி.

என்ன செய்தார் அவர்? ஒன்றுமே செய்யவில்லை. அதைத்தான் நான் மூன்று நாளாக வியந்துகொண்டிருக்கிறேன். காற்புள்ளி வந்தால் அலை பின்வாங்குவதுபோல் ஒரு சின்ன விலகல். முற்றுப்புள்ளி வந்தால் நிற்கிறார் — நம் பயம் வந்து சேரட்டும் என்று இடம் விட்டு நிற்கிறார். பயத்தை நம் கையில் கொடுத்துவிட்டுத் தான் பேசாமல் தள்ளி நின்றுகொள்கிற வாசிப்பு.

வலை ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றன. தேவகியின் விரலிடுக்கில் பாதி உரித்த இறால் அப்படியே இருந்தது. “அந்தப் படகுக்காரன் மேலதான் எனக்கு டவுட்டு” என்று யாரோ கிசுகிசுக்க, “கம்முனு கேளு” என்று அதட்டினார் தேவகி. கஸ்தூரி யாரையும் பார்க்காமல் எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதையில் தண்டோராக்காரன் வந்தான். மேளச் சத்தத்தை ஸ்டுடியோவில் அப்புறம்தான் சேர்ப்பார்களாம். வெறும் குரல்:

“முகத்துவாரத்துக்கு வடக்கே ஓர் ஆண் உடல் ஒதுங்கியிருக்கிறது. வயது நாற்பது இருக்கும். அடையாளம் தெரிந்தவர்கள் கோட்டை வாசலுக்கு வரவும்.”

கூடத்தில் இருந்த எங்களுக்கு அது கதை. காற்றுவாக்கில் அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்த, வெளியே கரையில் நின்றவர்களுக்கு?

அவர்களுக்கு அது கஸ்தூரி. ஊர் மைக்கின் கஸ்தூரி.

சாயங்காலம் ஏரிக்குப் போகப் படகுகள் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரில் சாவு என்றால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. யாரும் கட்டளையிட வேண்டியதில்லை, கை தானாக நின்றுவிடும். நின்றுவிட்டது. ஏற்றிய வலைகளை இறக்கினார்கள். பாதிப் பேர் கோட்டைப் பக்கம் ஓடினார்கள்.

எங்களுக்கு விஷயம் தெரிந்தது, கரையிலிருந்த மீனவர் ஏழுமலை கூடத்துக்குள் நுழைந்தபோதுதான். இடுப்பளவு நனைந்திருந்தார். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை வைப்பது என்று முறை போட்டிருப்பார்கள், ‘பாடு’ என்று பேர். அன்றைய நல்ல இடத்துப் பாடு ஏழுமலையுடையது. தவறவிட்டால் அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

“யாரு? யாருனு சொல்லு கஸ்தூரி!”

“ண்ணா... அது கதை.”

“இன்னாது?”

“கதைண்ணா. போன்ல ஓடுது.”

ஏழுமலை ஸ்பீக்கரைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாப்பது வயசுனு சொன்னியே... காலைல கடலுக்குப் போன எங்கண்ணன் இன்னும் திரும்பல. அவன் மூஞ்சிதான் வந்து நின்னுச்சு.”

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகுதான் கோபம் வந்தது ஏழுமலைக்கு. “இன்னா விளையாட்டு இது? என் பாடு போச்சுனா நீ குடுப்பியா? போ, போய் மைக்ல சொல்லு!”

கஸ்தூரி ஓடினார். கோயில் மைக் உயிர்பெற்றது. அதே சுருதி. “யாரும் சாகவில்லை. கேட்டது கதை. படகுகள் போகலாம்.”

கரையில் ஒருவர் சந்தேகமாகத் தலையைச் சொறிந்தார். “இதுவும் கதைல வர்றதா இருந்தா?”

நியாயமான கேள்விதானே?

ஏழுமலையின் அண்ணன் வேறு கரையில் படகை ஏற்றிவிட்டு வண்டி நிறைய மீன் பெட்டிகளோடு வந்து இறங்கிய பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. அவசர அவசரமாக வலைகள் மறுபடி ஏறின. நீரோட்டம் திரும்புவதற்குள் ஏழுமலை படகைத் தள்ளிவிட்டார். அண்ணனுக்காகக் காத்திருந்தபோது தேவகி கதையைச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது; நெஞ்சளவு தண்ணீரில் நின்று திரும்பிக் கத்தினார்:

“கஸ்தூரி! அந்த நீலக் கை ஆளைக் கொன்னது யாரு? சொல்லித் தொல, ஏரில இதே நெனப்பா இருக்கும்!”

“கடைசிப் பாகத்துல வரும்ணா!”

“அடிப்பாவி!”

ஒரு வாசிப்பாளருக்கு இதைவிட என்ன விருது வேண்டும், சொல்லுங்கள்?

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். “கதை படிக்கிற வாயால சாவு சொல்லக்கூடாது. ரெண்டுல ஒண்ணு விடட்டும்” என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். கஸ்தூரி எழுந்து நின்றார். “தப்புதான். ஸ்பீக்கரை ஊரு பக்கம் திருப்பி வெச்சது என் தப்பு. ஆனா மைக்கும் வோணும், கதையும் வோணும் எனக்கு.”

தேவகிதான் காப்பாற்றினார். “அவ விட்டா நான்தான் மைக் புடிக்கணும். புயல் வருதுனு நான் சொன்னா ஒருத்தனாவது எழுந்துப்பானா? இவ சொன்னா எழுந்துக்கறீங்கல்ல?”

ஊர்த்தலைவர் சிரித்துவிட்டார். தீர்ப்பும் வந்தது: இரண்டையும் செய்யலாம். ஆனால் இனி மைக்கைப் பிடித்தால் முதல் வார்த்தையே “இது கதை இல்ல” என்று இருக்க வேண்டும். அப்புறம்தான் சேதி.

திங்கட்கிழமை சென்னை நண்பரை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“நிஜமாவே படகெல்லாம் நின்னுச்சா சார்?”

“வலையை இறக்கிட்டாங்க.”

“நடுங்கற ரெக்கார்டிங்கை அழிச்சிடறேன். ஆறாவது அத்தியாயத்துக்கு எப்ப வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். மேளதாள இசை, மின்னல் கிராபிக்ஸ், தொண்டை கிழியக் கத்தும் ஒரு செய்தி வாசிப்பாளர். “இது கதை இல்ல” என்று அவர் ஒருமுறையாவது சொல்வாரா என்று விளம்பர இடைவேளைவரை காத்திருந்தேன்... சொல்லவே இல்லை.