வர இயலாதவர்

பெருவிரலை முந்தானையில் இரண்டு முறை துடைத்து, வாயால் ஒரு முறை ஊதி, பிறகுதான் அந்தச் சின்னக் கறுப்பு இயந்திரத்தின் மேல் வைப்பார் பிணைக்கிற அக்கா. சிவப்பு விளக்கு எரியும். சுட்டுவிரலை வைப்பார். மறுபடியும் சிவப்பு. உடனே ரேஷன் கடை வரிசை முழுக்க வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடும். "ஈரம் பண்ணி வை ஆயா" என்பார் ஒருவர். "அமுக்காத, லேசா வை" என்பார் இன்னொருவர். பத்து விரலும் ஒரு சுற்று வந்த பிறகு ஏதோ ஒரு விரலுக்கு இரக்கப்பட்டுப் பச்சை விளக்கு எரியும். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வருகிறது, கூடவே நான் செய்த முட்டாள்தனமும்.

அவருடைய ரேகை தேய்ந்ததற்குக் காரணம் அவர் தொழில். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரும்போது, அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உருட்டுவார்கள். பாவு பிணைப்பது என்று அதற்குப் பெயர்; அதனால்தான் அவர் பிணைக்கிற அக்கா. பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்களில் ஐம்பது வருடமாக வீடு வீடாகப் போய் அதைச் செய்தவர் அவர். மகள் வாலாஜாபாத்தில் குடும்பமாக இருந்தார். இவர் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். போன் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "அதை வெச்சிக்கினு நான் யாருகிட்ட பேசப் போறேன்" என்பார்.

நான் ஓய்வுபெற்ற குமாஸ்தா. வேலையை விட்ட பிறகு என்னைப் போல எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழுவாக, தனியாக வாழும் வயதானவர்களுக்கு மருந்து வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று செய்துவந்தோம். குழுவில் படிவம் என்றால் நான்தான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒரு சித்திரை வெயிலில் அக்கா ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. கடைக்கு வர முடியாதவர்கள் தங்கள் சார்பில் இன்னொருவரை அனுப்பலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. மறுநாளே நிரப்பி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காரணம் என்ற கட்டத்தில், 'முதுமையால் நடமாட முடியாதவர், கடைக்கு வர இயலாதவர்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தேன்.

"இன்னாம்மா இது?" என்றார்.

"இனிமே நீங்க வெயில்ல நிக்க வேணாம்கா. எல்லாத்தையும் நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

படிவத்தைப் படித்துக் காட்டவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். வீடு தேடி வந்தவளிடம் எப்படி வேண்டாம் என்பது என்று நினைத்தாரோ என்னவோ, மை தொட்டுப் பெருவிரலை வைத்தார்.

மூன்று மாதம் அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் சுமந்துபோய்க் கொடுத்தேன். முதல் மாதம் பால் விட்டு நல்ல காபி கொடுத்தார். அடுத்த மாதம் வறக்காபி. மூன்றாவது மாதம் ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? எனக்குக் கால் வெளங்காதுன்னு யாரு சொன்னது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். பாவு இருக்கிற வீட்டுப் பெண்கள் அந்த ரேஷன் வரிசையில்தான் அவரைப் பிடிப்பார்கள். என்றைக்கு வர வேண்டும், யார் வீட்டுக்கு முதலில் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். இப்போது அவரைக் காணோமே என்று கேட்கிறவர்களிடமெல்லாம் கடைக்காரர், அந்த ஆயாவால் நடமாட முடியாதாம், எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"தறிகிட்ட நாள் பூரா கீழ உக்காந்து எழுந்திருக்கணும். கால் போனவளை எப்படிக் கூப்பிடறதுன்னு வுட்டுட்டாங்க. மூணு மாசமா ஒரு பாவுகூட இல்லம்மா."

அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். சும்மா வரிசையில் நிற்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே அவர் தன் பிழைப்பைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

எழுதியதை ரத்து செய்ய இரண்டாவது மாடியிலிருந்த ரேஷன் அலுவலகத்துக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. மூன்று முறையும் அவர்தான் எனக்கு முன்னால் படியேறினார். அங்கிருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "நடக்க முடியாதவங்கன்னு இருக்குதேமா" என்றார். "நடந்துதாங்க வந்திருக்காங்க" என்றேன். "அப்ப இது?" என்று என் கையெழுத்தைக் காட்டினார். அது உண்மையிலேயே அழகாக இருந்தது.

இப்போதும் எங்கள் குழுவில் அந்தப் படிவத்தை நிரப்புகிறோம். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நான் நிரப்புவதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிறேன். கடைக்குப் போனால் யாரைப் பார்ப்பீர்கள், போகாவிட்டால் என்ன ஆகும் என்று விடாமல் கேட்பேன். போலீஸ் விசாரணை என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

அக்கா வரிசைக்குத் திரும்பிய முதல் நாள் நானும் கூடப் போய் நின்றேன். முன்னால் நின்ற நெசவுக்கார வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, "இன்னா ஆயா, உனக்கு நடக்கவே முடியாதுன்னு சொன்னாங்களே?" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று தெரிந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்க நல்லாத்தான் நடக்கறாங்க" என்றேன், நாலு பேருக்குக் கேட்கும்படி. "நான்தான் அவங்களைக் கேக்காம அப்படி எழுதிட்டேன். தப்பு என்னுது."

யாரோ சிரித்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம், "அப்ப புதன்கிழமை எங்க வூட்ல பாவு இருக்குது. வரியா ஆயா?" என்றார்.

"வரேன். காலைலயே வந்துடறேன்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. அக்கா பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ வூட்டுக்குப் போம்மா. இன்னும் ரொம்ப நேரம் ஆவும். உன்னால நிக்க முடியாது."