சக்கரத்தில் நின்ற எலுமிச்சை

வீடு மாற்றித் தரும் ஆட்களின் கூட்டத்தில் அவருக்குச் 'சக்கரம்' என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அவரே எப்போதாவது எடுத்துப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்வார். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் பீரோவையும் கட்டிலையும் லாரியில் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. நகராத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, நகர்த்தத் தெரியாத ஆள்தான் உண்டு என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான் உறுப்பினர். வீட்டில் மனைவியும் மகளும் எதிர்க்கட்சி.

அவர் வீட்டில் கட்டிலுக்குச் சக்கரம் உண்டு. துணி அலமாரிக்கு உண்டு. மனைவியின் தையல் மெஷினுக்கு வைத்து, அது ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போனதால், அதற்கு மட்டும் கழற்றியாயிற்று. உண்மையிலேயே சக்கரம் வேண்டியது காஸ் சிலிண்டருக்கு. அதை மனைவி ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பின்பக்கம் ஆறு மரங்கள். ஆறும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில், ஒவ்வொரு டிரம்மும் நான்கு சக்கரம் வைத்த பலகையில். காலை வெயிலுக்கு ஒரு பக்கம் தள்ளுவார், மதியத்துக்கு மறுபக்கம், காற்றடித்தால் சுவரோரம். அப்பா மரம் வளர்க்கிறாரா, மரத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாரா என்று மகளுக்கே சந்தேகம்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், மூன்றாவது வாடகை வீட்டில், தரையில் ஒரு நாவல் கன்று வைத்தார். அது ஜன்னல் உயரம் வந்தபோது வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, யாரோ ஒருவருடைய சோபாவின் மேல் உட்கார்ந்து லாரியில் அதே தெரு வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தார். சிமென்ட் போட்டிருந்தார்கள். மரம் நின்ற இடத்தில் ஸ்கூட்டர் நின்றது. அன்று சாயங்காலமே முதல் டிரம்மை வாங்கி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வீடு மாறினார்கள். ஒரு மரத்தைக்கூட விட்டுவிட்டு வரவில்லை.

இப்போது இருப்பது சொந்த வீடு. இரண்டு அறை, பின்னால் பாய் நான்கு விரிக்கிற அளவுக்கு மண் தரை. வந்து இரண்டு வருஷமாகியும் 'கண்ணாடி, ஜாக்கிரதை' என்று எழுதிய மூன்று அட்டைப் பெட்டிகளை அவர் பிரிக்கவிடவில்லை. சுவர்க் கடிகாரம் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மணி பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். ஆணி அடிக்கக்கூட இவரிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது என்று மனைவி அலுத்துக்கொள்வாள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றபடி அவர் எதையாவது தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஆறில் அவருக்குச் செல்லம் எலுமிச்சை. மகள் ஐந்து வயதில் வாயிலிட்டு, முகத்தைச் சுளித்து, தூவென்று துப்பிய விதையில் வந்தது. எட்டு வருஷம் முள்ளை மட்டும் கொடுத்தது. ஒன்பதாவது வருஷம் மூன்று காய் காய்த்தது, வீடே திருவிழாவாகிவிட்டது. அதோடு சரி. இலை மஞ்சளானது, நுனி காய்ந்தது. தினமும் நான்கு தடவை இடம் மாற்றிப் பார்த்தார். மரம் அவர் முகத்துக்காகக்கூடப் பச்சையாகவில்லை.

கடைசியில் நாற்றுப்பண்ணை நடத்தும் அம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மா மேல்மண்ணை விரலால் கிளறினாள். மண்ணே இல்லை; கயிறு சுருட்டி வைத்த மாதிரி வேர்தான் இருந்தது.

"சுத்திச் சுத்தி தன்னையே கட்டிப் போட்டுக்கிட்டிருக்குங்க" என்றாள். "டிரம்லயே வச்சுக்கணும்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து வேரைக் கழிச்சு மண்ணை மாத்தியிருக்கணும். அது ஒண்ணும் தப்பான வழி இல்ல. ஆனா ஒன்பது வருஷம் விட்டுட்டு இப்பக் கழிச்சா பிழைக்கிறது சந்தேகம். தரையில வச்சிடுங்க. அடுத்த வெயிலை இது தாங்காது."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து பின்பக்கம் போவார், வருவார். தரையில் வைத்தால் மரம் பிழைக்கும். ஆனால் நாளைக்கே கிளம்பச் சொன்னால்? சொல்ல யாரும் இல்லை என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் அவருக்குப் பயம் அதிகமானது.

பன்னிரண்டு நாள் அலைந்து ஒரு முடிவுக்கு வந்தார். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது. டிரம்மின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, குழி வெட்டி, மரத்தை டிரம்மோடு புதைத்தார். தூக்குவதற்கு வசதியாக இரண்டு கயிற்று வளையங்களை மேலே நீட்டி விட்டார். காலியான சக்கரப் பலகையைச் சுவரில் சாய்த்துத் தயாராக வைத்தார்.

"அப்பா, இது இப்போ தரையா, டிரம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டும்."

மரத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. இரண்டாம் மாதம் தளிர் விட்டது. ஏழாம் மாதம் பூ.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வியாழக்கிழமை காலை, வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டில் '17/3' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் எண். இடிக்கப் போகிற வீடுகளில் இப்படி எண் போட்டிருப்பதை அவர் தொழிலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஏன், எதற்கு என்று ஒரு ஆளைக்கூடக் கேட்கவில்லை. மனைவி சீருடைக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் பாத்திரமெல்லாம் சாக்குக்குள் போய்விட்டன. கூட்டாளிகள் மூன்று பேர் பின்பக்கம் வந்து நின்றுவிட்டார்கள்.

அதில் ஒருவன் 'தாடி'. தாடியை எடுத்து ஆறு வருஷமாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா, செடிக்கா நாலு பேர் என்று கேட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். இழுத்தார்கள். அசையவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். பூ கொட்டியதுதான் மிச்சம்.

"அண்ணே, பீரோவுக்குள்ள மாமியாரை உட்கார வச்சுகூடத் தூக்கியிருக்கோம்" என்றான் தாடி, மூச்சு வாங்க. "இது வரமாட்டேங்குது."

"இன்னொரு இழு."

இழுத்தார்கள். பட்டென்று ஒரு சத்தம். டிரம் மேலிருந்து கீழாகப் பிளந்தது. மண் சரிந்த இடத்தில் அவர் மண்டி போட்டுப் பார்த்தார். அடி ஓட்டைகள் வழியாகக் கட்டை விரல் பருமனில் வேர்கள் இறங்கிப் போயிருந்தன. ஒன்று பாதி அறுந்து, வெள்ளையாகத் தெரிந்தது.

மனைவி அப்போதுதான் துணி மூட்டையோடு உள்ளே வந்தாள். சாக்கைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். தெருவில் புதுத் தண்ணீர்க் குழாய் பதிக்கிறார்களாம், அதற்குத்தான் எண்ணாம்; மூன்று நாளாகத் தெருவே பேசிக்கொண்டிருக்கிறது என்றாள். தாடி சிரிப்பை அடக்கக் கடப்பாரையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மற்ற இருவரையும் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவர் எழுந்திருக்கவில்லை. அறுந்த வேரின் மேல் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டே, அந்த நாவல் மரத்தைப் பற்றிச் சொன்னார். ஸ்கூட்டர் வரைக்கும் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

மனைவி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க ஸ்கூட்டர் நிறுத்தணும்னா நம்மளைக் கேட்டுத்தாங்க நிறுத்தணும்" என்றாள். "நான் விடமாட்டேன்."

அவர் எழுந்தார். உள்ளே போய் ரம்பத் தகட்டை எடுத்து வந்தார். மகள் முள் குத்தக் குத்தத் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் டிரம்மைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு நீலத் துண்டாக வெளியே உருவினார். அடித்தட்டு மட்டும் வேரில் மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டார். மண்ணைப் போட்டு மிதித்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது.

சாயங்காலம் கடிகாரத்துக்கு ஆணி அடித்தார். இரண்டு தடவை இடம் மாற்றினார். ஆக, சுவரில் மூன்று ஓட்டை. சுவரில் சாய்ந்திருந்த சக்கரப் பலகையை மனைவி கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து காஸ் சிலிண்டர் அதன்மேல் சவாரி செய்தது.

மற்ற ஐந்து மரங்களும் இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கின்றன. அட்டைப் பெட்டியில் ஒன்றைப் பிரித்தாயிற்று, இரண்டு பாக்கி. எலுமிச்சை பாதி இலையை உதிர்த்துவிட்டு, என்ன செய்யலாம் என்று யோசிக்கிற மாதிரி நிற்கிறது. அவருக்கு அதைப் பார்த்தால் சாப்பாடு இறங்குவதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கிறார். அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் லாரி ஏறுகிறார்.