பார் போச்சு சார்

சில வருடங்களுக்கு முன், ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் நடந்தது இது.

எங்களுக்கு ராமநாதபுரம் கடற்கரை. நான் ஐடிஐ முடித்து இங்கே வந்துவிட்டேன். தம்பி கடலை விடவில்லை. கடலடியில் வளர்கிற பவளப்பாறையை எங்கள் பக்கம் ‘பார்’ என்போம். அதற்கு நேர்மேலே வள்ளத்தை நிறுத்தித் தூண்டில் போட்டால் கலவாவும் விளமீனும் கிடைக்கும். பார் இருக்கிற வரைக்கும் நமக்கென்ன குறை என்பான் தம்பி.

விசைப்படகுக்காரர்கள் அதை விட்டுவைக்கவில்லை. வலையின் அடியில் சங்கிலி கட்டி, பாரை உடைத்துச் சுரண்டிக்கொண்டு போனார்கள். போதாததற்குச் சிலர் வெடிமருந்துத் தோட்டாவைத் தண்ணீரில் போட்டும் வெடித்தார்கள். குஞ்சு குருமானெல்லாம் செத்து மிதந்ததாம். அப்படிப் பிடித்தவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. என் தம்பிதான் மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு, ஒற்றைப் பையோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான்.

எங்கள் கம்பெனிக்கே கூட்டிப்போனேன். ஆள் எடுக்கும் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். “ஏம்பா ஊர விட்டு வந்துட்டே?” என்று கேட்டார்.

“பார் போச்சு சார்” என்றான் தம்பி.

அவர் சிரித்துவிட்டார். “பார் மூடிட்டாங்கன்னா வந்தே? இங்க ஜூஜுவாடி தாண்டினா கர்நாடகா, வேணுங்கிற மட்டும் இருக்குதே.” கூட நின்றவர்களும் சிரித்தார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாதவன் அவன்.

நான் பதறிப்போய் விளக்கினேன். அது சாராயக்கடை இல்லை, பவளப்பாறை, மீன் குஞ்செல்லாம் அதில்தான் வளரும், அது செத்துப்போச்சு என்று என்னென்னவோ சொன்னேன். அவருக்கு ஏறவில்லை.

“கல்லு எங்கனா சாகுமாப்பா? எங்க ஊர்ல மலையவே அறுத்து லாரில ஏத்தறாங்க. குடிக்கிற ஆள மெஷின்ல நிறுத்த முடியாது, கூட்டிட்டுப் போ.”

அடுத்த கம்பெனிக்குப் போகும்முன் நான்தான், “மழ இல்ல, வெவசாயம் போச்சுன்னு சொல்லிருடா” என்றேன். அங்கே இருந்தவர் உத்தனப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். தம்பி சொன்னதுமே அடப்பாவமே என்றார். என்ன பயிர், போர் போட்டுப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். தம்பி என்னைப் பார்த்தான். “நெல்லு சார்” என்றேன் நான். அன்றைக்கே வேலை கொடுத்தார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். குடும்பத்தையும் அழைத்துக்கொண்டான். ஐப்பசி பிறந்தால் போதும், “உங்க பக்கம் மழை எப்படிப்பா, இந்த வருசமாவது விதைக்கலாமா?” என்று அவர் அக்கறையாகக் கேட்கிறாராம். ஏர் பிடித்தே அறியாத என் தம்பியும், “இன்னும் பெய்யல சார்” என்கிறானாம்.

வயல் காய்ந்தது என்றால் ‘உச்’ கொட்ட இந்த நாட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். கடல் செத்த எங்களுக்கோ, ஒருவர் இரக்கப்பட வேண்டுமென்றால்கூட, இல்லாத வயலைக் காட்ட வேண்டியிருந்தது.