நான் மூடிய புழுத் துளைகள்

"முப்பத்தொன்றாம் படத்திலிருந்து எழுபதாம் படம் வரை ஒரு புழுத் துளைகூட இல்லையே, ஏன்?" என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். அலுவலகத்தில் எங்கள் பிரிவு முழுவதுக்கும் ஒரே மின்னஞ்சல் பெட்டி. அன்று காலை அதை முதலில் திறந்தது நான்தான்.

டென்மார்க்கின் யூலன்ட் பகுதியில் சிறு நகரம் ஒன்றில் இருந்த ஆவணக் காப்பகத்துக்குக் கொமூன் எனும் நகரசபை என்னை மூன்று மாதப் பிராக்டிக் எனும் வேலைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. மகளுக்கு அப்போது பதினொரு மாதம். பதினாறாம் நூற்றாண்டில் டென்மார்க் கத்தோலிக்கத்தை விட்டுப் புரட்டஸ்தாந்துக்கு மாறியபோது பழைய லத்தீன் பூசைப் புத்தகங்கள் யாருக்கும் தேவைப்படாமல் போயின. அவற்றின் கன்றுத்தோல் தாள்களை வெட்டி, அரச அலுவலகப் பதிவேடுகளுக்கு உறையாகப் போட்டார்கள். அந்த உறைகளைப் படமெடுப்பதுதான் எங்கள் வேலை. கறுப்புத் துணி விரித்து, தாளின் பக்கத்தில் நிறம் ஒப்பிடக் கலர் கார்டும் அளவுகோலும் வைத்து எடுக்க வேண்டும். ஒரே புத்தகத்தின் தாள்கள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தன. எங்கோ ஓர் அறையில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் எங்கள் படங்களைத் திரையில் வைத்து அவற்றை ஒன்றுசேர்ப்பார்கள். கமரா விளக்கின் இளஞ்சூடும் பழந்தோலின் மணமும் அந்த அறையின் அமைதியும் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன.

எனக்குப் போட்டோஷொப் தெரிந்திருந்ததால்தான் அங்கே எடுத்தார்கள். அதைப் படித்தது ஹேர்னிங் நகரத் தமிழ்க் குடும்பங்களின் சாமத்திய வீட்டு, அதாவது பூப்பு நீராட்டு விழா, அல்பங்களில். பிள்ளையின் முகத்தில் ஒரு பருவும் தெரியக்கூடாது என்பார்கள் தாய்மார். நான் பருவை எடுத்து, நிறத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில், கறையும் புழு அரித்த துளையுமாக இருந்த தாள்களைப் பெரிய படிப்பாளிகளுக்கு அப்படியே அனுப்பக் கூச்சமாக இருந்தது. நாற்பது படங்களில் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். அதையே மூலக் கோப்பின் மேல் சேமித்ததால் பழைய படம் அழிந்துபோனது. செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இலங்கையில் போரின் கடைசி வாரங்கள் அவை. மதிய இடைவேளையில் நடைபாதையில் நின்று ஊருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்ப்பேன். இணைப்புக் கிடைக்காது. மின்னஞ்சல் வந்த அன்று ஊருக்குப் பதில் கணவருக்கு எடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"கமரா பிழையெண்டு சொல்லும். உண்மையைச் சொன்னா, பிராக்டிக் முடியத் தாறமெண்ட அந்த ஒரு வருச வேலையை உமக்குத் தரமாட்டினம்," என்றார்.

"அந்தப் பொறுப்பாளர் மனுசி என்னை நம்பித் தனிய விட்டவ, இஞ்சாருங்கோ."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, என் பொறுப்பாளர் பிர்கிட்டிடம் போனேன். அவர் கறுத்த ரை ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் ரொட்டிப் பெட்டியை மூடினார். திட்டவில்லை. எந்தெந்த எண்கள் என்று கேட்டு எழுதித் தரச் சொன்னார்.

பிறகு டெனிஷில் மெதுவாகச் சொன்னார்: "தாள்களை வெட்டுறதுக்கு முதல் அந்தப் புழு ஒரே புத்தகத்துக்குள்ளாலதான் போனது. அது போன வழியைத்தான் அந்த ஆராய்ச்சியாளர் தேடுறார்."

நாற்பது பதிவேடுகளையும் தள்ளுவண்டியில் மேலே கொண்டுவந்து, நான்கு நாட்கள் மறுபடி எடுத்தோம். இரண்டு கிழமைக்குப் பின் அந்த ஆராய்ச்சியாளர் ஒரு படம் அனுப்பினார். எங்கள் தாள் ஒன்றும் வேறொரு நகரத்துத் தாள் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் அதே இடங்களில் ஏழு துளைகள்; இரண்டும் ஒரே புத்தகத்தின் தாள்கள். பிர்கிட் அதை அச்செடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டினார். வேலையும் கிடைத்தது.

அதற்குள் போர் முடிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, சலவைச்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஒரு படத்தைக் கொண்டுவந்தார். காணாமற்போன தம்பியைத் தேடி இணையத்தில் எடுத்தது. போருக்குப் பின் சனங்களை அடைத்து வைத்த முகாமின் முட்கம்பிக்குப் பின்னால் ஒரு வரிசை. அதில் கலங்கலாக ஒரு முகம்.

"தம்பி மாதிரிக் கிடக்கு, பிள்ளை. கொஞ்சம் தெளிவாக்கித் தாரும்."

கண்ணைக் கூர்மையாக்கி, தாடையில் நிழல் வைத்தால் அது அவர் தம்பியாகிவிடும். எனக்கு அது கஷ்டமில்லை. கை மௌஸில் இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை.

"படத்தில இவ்வளவுதான் இருக்கு, அக்கா. மிச்சத்தை நான்தான் கற்பனையாக் கீற வேணும்."

அவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்ப உதை உப்பிடியே பிரிண்ட் எடுத்துத் தாரும்," என்றார்.

இந்த வேலைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். தேடுகிறவருக்கு எது அடையாளம் என்று எங்களுக்குத் தெரியாது. அன்று அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதல் கொடுத்திருக்கலாமோ என்று இப்போதும் மனம் கேட்கிறது. அவர் இன்னும் தேடுகிறார். அந்தப் படக் கோப்பு, வந்த விதத்திலேயே மாற்றமில்லாமல் என்னிடம் இருக்கிறது.