கலியமூர்த்தி அண்ணனின் அசதி

கலியமூர்த்தி அண்ணன் இன்று காலை வீட்டிலேயே இறந்துவிட்டார். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த புரோக்கர்.

கிட்னி இரண்டும் போய் ஆறு வருஷம். வாரத்தில் இரண்டு நாள் பெரம்பலூரில் டயாலிசிஸ்... மற்ற நாளெல்லாம் வெங்காயம் வாங்கப் போகும் என் வண்டியில்தான். வெங்காயம் அடைத்து வைத்திருக்கும் பட்டறை ஒவ்வொன்றாகப் போய் விலை பேசுவோம்.

ஆளைப் பார்த்தால் நோயாளி என்று தெரியாது. சலவைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. அந்த அசதி மட்டும் அவரை விடவே இல்லை.

"நல்லாத் தூங்குங்கண்ணே, சரியாயிடும்" என்று ஒருமுறை சொன்னேன். தெரியாமல் சொன்னதுதான்.

"தூங்கி எந்திரிச்சா போறது தூக்கம், மொதலாளி. இது நனைஞ்ச சாக்கு மாதிரி. எந்தப் பக்கம் பொரட்டுனாலும் கனம்" என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். மொதலாளி என்பதெல்லாம் கிண்டல்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு பட்டறை. விற்கிற அம்மா கிலோ நாற்பத்திரண்டு என்றார், நான் முப்பத்தாறு என்றேன். இரண்டு பேரும் இறங்கவில்லை.

அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார். பேரத்தின் நடுவில் புரோக்கர் கண்ணை மூடினால் எங்கள் பக்கம் அதற்கு அர்த்தமே வேறு. சரக்கு பிடிக்கவில்லை, விலையை இறக்கு என்று.

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார். "சரிங்க... முப்பத்தெட்டுன்னு எடுத்துக்குங்க."

அது அசதி என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன். வியாபாரி வேறென்ன செய்வான்...

திரும்பி வரும்போது அண்ணன், "அந்தம்மா எப்படி எறங்குச்சு?" என்று கேட்டார்.

"நீங்க கண்ண மூடுனீங்கள்ல, அதுலதான்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க."

"எதுக்குண்ணே?"

"நாளைக்கு அந்தம்மாவுக்கு வெவரம் தெரிஞ்சா, தூங்கியே வெலைய ஒடச்சான்னு ஊரெல்லாம் சொல்லும். அப்புறம் எந்தப் பட்டறைக்கு என்னைக் கூப்புடுவாங்க? எனக்கு இருக்கறது இந்த ஒரு வேலைதான்."

திருப்பினேன். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். "யம்மா, நான் கண்ண மூடுனது வெலைக்கி இல்ல. நேத்து டயாலிசிஸ். ஒடம்பு அப்படி."

"அட, இதை மொதல்லியே சொல்லப்படாதா? வெங்காயம் அழுவிப் போச்சோன்னுல்ல பயந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

நாற்பதுக்கு முடிந்தது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் எனக்குக் கூடுதல் செலவு. அன்றைக்கு அவர்மேல் கோபம்தான், பொய் சொல்லவில்லை.

அதிலிருந்து எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் பேச்சு அதுதான். "நான் கண்ண மூடுனா அசதி. யாரும் வெலைய எறக்காதீங்க." அதன் பிறகுதான் சரக்கைத் தொடுவார்.

"அண்ணே, முழிச்சிருக்கியா? வெலை சொல்லட்டுமா?" என்று பட்டறைக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"காது தூங்கல. சொல்லு" என்பார், கண்ணைத் திறக்காமலே.

போன வருஷம் வீட்டில் இருக்கச் சொன்னேன். போனில் பேசினால் போதும், கமிஷன் அப்படியே தருகிறேன் என்றேன். "வூட்டுல படுத்தாலும் இதே அசதிதான். இங்க படுத்தா மார்க்கெட் வெலையாவது தெரியும்..."

போன செவ்வாய்க்கிழமை வண்டியை விட்டு அவரால் இறங்க முடியவில்லை. பட்டறைக்காரர் இரண்டு கை வெங்காயத்தை ஜன்னலுக்கே கொண்டு வந்து கொடுத்தார். அண்ணன் உருட்டிப் பார்த்தார், தோலை உரசிப் பார்த்தார். அப்புறம் வெங்காயம் மடியில் இருக்க, கண் மூடிவிட்டது.

யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. பட்டறைக்காரர் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிஷம் இருக்கும்.

கண்ணைத் திறந்தார். "எங்க விட்டோம்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே" என்றார் பட்டறைக்காரர். அண்ணன் சிரித்துவிட்டார். அப்புறம் விலையைச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் மறுபேச்சு பேசவில்லை.

மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

போயிட்டு வாங்கண்ணே... செவ்வாய்க்கிழமை பேசின சரக்கை நாளைக்கு ஏற்றுகிறோம்.

நீங்கள் சொன்னபடியேதான். கிலோ நாற்பத்தொன்று. சாக்கு பட்டறைக்காரருடையது, ஏற்றுக்கூலி என்னுடையது.