பூட்ஸ் போடாமல் ரோந்து போன நாள்

வெள்ளைக்காரர் ஆட்சி முடிவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. எங்கள் தீவின் ரிவியேர் நுவார் காட்டில் மான்களுக்கு நான்தான் காவல். எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். பூட்ஸைத் தரையில் ஓங்கி மிதித்து, பலமாக இருமிக்கொண்டே ரோந்து போவேன். திருடர்கள் ஓடிவிடுவார்கள், நானும் உயிரோடு வீடு திரும்புவேன்.

அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்ததால் பத்து நாள் காலில் எதுவும் போடக்கூடாது. முள்ளுக்குப் பயந்து, இருமவும் மறந்து, குனிந்தே நடந்தவன் நிமிர்ந்தபோது, எதிரே கத்தியோடு ஒருவன். அவன் வைத்த கயிற்றுக் கண்ணியில் ஒரு பெண்மான் உதைத்துக்கொண்டிருந்தது.

இரும நினைத்தேன், அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான். ஓட நினைத்தேன், வெறுங்காலைச் சுற்றி முள்.

"அறுத்து விடு" என்று ஒரு கீச்சுக்குரல் கேட்டது. என்னுடையதுதான். "கழுத்த இல்ல, கயித்த."

அவனும் பயந்துபோய்க் கத்தியைக் கயிற்றில் வைத்தான். கயிறு அறுந்ததும் மான் பாய்ந்து மறைந்தது.

சாவடிக்கு அழைத்துப் போகும் வழியெல்லாம் அவன் குறைபட்டுக்கொண்டே வந்தான். "என்ன மிஸ்யே, என்னய்யா இது? எப்பவும் போல வந்திருந்தா நான் போயிருப்பேன்ல. உங்க பூட்ஸ் சத்தம் தூரப் போனப்புறம்தான நாங்க வேலைக்கே இறங்குவோம்."

இத்தனை வருடம் என் காவலை நம்பியிருந்தவர்கள் திருடர்கள்தான்.

இன்றும் பயந்துகொண்டுதான் காட்டுக்குள் போகிறேன். சத்தமில்லாமல் பயப்படுகிறேன், அவ்வளவுதான்.