சுரண்டப்பட்ட ஆலை

எங்கள் ஆக்ஸ்பர்க் நகரில் லென்ஹார்ட் ஷ்டைக்லர் என்று ஒருவன். செப்புத் தகட்டில் நிலக்காட்சி செதுக்குவான். கை நல்ல கைதான். முதுகுதான் சரியில்லை, பட்டுச் சட்டையைக் கண்டால் தானாக வளைந்துவிடும். பன்னிரண்டு வருஷம் அவன் தகடுகளுக்கு மை தடவி அச்சு உருளையைச் சுற்றியவன் நான். எனக்குத் தெரியாதா அவனை?

வால்டன்ரீட் பிரபு தம் மாளிகைத் தோட்டத்தைப் படமாக்கச் சொன்னார். பிடித்துப்போனால் அரண்மனைச் செதுக்குநர் பட்டம். போதாதா? முழங்கால் உயரக் கன்றுகளை வானம் தொடும் மரங்களாக்கினான். தோண்டாத குளத்தில் அன்னம் விட்டான். அடியில் பிரபுவின் குலச்சின்னத்துக்குக் கால்வாசித் தகட்டையே ஒதுக்கினான். ஊரில் எல்லாரும் போடுகிற கூத்துதான் என்று விட்டுவிட்டேன்.

முதல் பிரதியைப் பார்த்த பிரபு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஆத்தோரம் என்ன இது, கறை மாதிரி?"

"மாவு ஆலைங்க, பிரபு."

"பார்வையக் கெடுக்குது."

அது லென்ஹார்ட் பிறந்த வீடு. அண்ணன் காஸ்பர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேதான் மாவரைத்துப் பிழைக்கிறான். "எங்க வீடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எடுத்துடறேங்க" என்றான், வெட்கம் கெட்டவன்.

"பொறந்த வீட்டையா சுரண்டுற?" என்று பட்டறையில் கேட்டேன்.

"வெறும் படம்தானய்யா. செவுரு இடிஞ்சா போயிடும்?"

சுரண்டி, பளபளவென்று தேய்த்து, அந்த இடத்தில் ஒரு மரமும் ஆடு மேய்க்கும் பெண்ணும் செதுக்கினான். பட்டம் வந்தது. அரண்மனைக்காரர்கள் வைக்கிற பொய்முடி ஒன்றும் வாங்கி மாட்டிக்கொண்டான்.

பிரபுவுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. தோட்டத்தையும் அப்படியே ஆக்கச் சொன்னார். குளம் வெட்டினார்கள். படத்தில் இல்லை என்று ஆலையைக் காலி செய்ய ஆள் அனுப்பினார்கள். காஸ்பர் பட்டறைக்கு வந்து படத்தை மேஜையில் விரித்தான்.

"இது உன் கையெழுத்துதானடா?"

லென்ஹார்ட் பொய்முடியை எடுத்து மாட்டிக்கொண்டு மாளிகைக்கு ஓடினான். காரியஸ்தர் அவனை நிற்க வைத்தே பேசினார்.

"வரைஞ்சது நீங்கதான? அங்க வீடே இல்லியே ஐயா."

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டவனுக்கு யார் என்ன செய்ய முடியும்? திரும்பி வந்தான். அந்த வாரமே ஆலையை இடித்துவிட்டார்கள்.

இப்போது அங்கே மரம் இருக்கிறது. விருந்தாளிகள் வரும் நாட்களில் அதன் அடியில் ஆட்டோடு நிற்க ஒரு பெண் வேண்டுமாம். காஸ்பரின் மூத்த மகளை வைத்திருக்கிறார்கள்.